அத்தானின் பெட்டி கண் திறக்கும் வரை

அத்தானுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் மகள் நர்சிங் படிப்பை முடிக்க வேண்டும். அவ்வளவுதான். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றுவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டாரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். தட்டு கை மாறிய பிறகு பெண் வீட்டார் எதைச் சொன்னாலும் அது கெஞ்சல் மாதிரிதான் இருக்கும்.

ஆனால் அத்தானுக்குக் குரல் இல்லை.

அவர் என் அக்காவின் கணவர். வீடு அந்தமானில், பெரார்கஞ்சில். வேலை பார்த்தது பாராடாங்கில், பஸ்ஸையும் லாரியையும் கடலைத் தாண்டி ஏற்றிப்போகும் ஃபெர்ரியில். ஃபெர்ரியின் வாயில் நின்றுகொண்டு, “ஆனே தோ, ஆனே தோ! ரோகோ!”, வரட்டும், வரட்டும், நிறுத்து என்று கத்தி வண்டிகளை ஏற்றுவார். அந்தச் சத்தம் எதிர்க்கரை டீக்கடை வரைக்கும் போகும். தமிழ் டிரைவரானாலும் பெங்காலி டிரைவரானாலும் அவர் திட்டுவது ஹிந்தியில்தான். வாயில் எப்போதும் புகையிலை போட்ட பான். அதுதான் கடைசியில் தொண்டையைத் தின்றது. சென்னையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறார். அதை மறைக்க ஒரு சின்னத் துண்டு கட்டியிருப்பார்.

அந்தத் துளையைச் சுத்தம் செய்வதற்கு ஆரம்பத்தில் வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்வாள். நான் ஒரு தடவை முயன்று, பாதியில் விட்டு வெளியே போய் நின்றுவிட்டேன். அத்தானின் மகள் அப்போதுதான் போர்ட் பிளேயரில் நர்சிங் சேர்ந்திருந்தாள். லீவில் வந்தவள் கையைக் கழுவிவிட்டு, அப்பாவுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, துளைக்குள் இருந்த சின்னக் குழாயை எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப வைத்தாள். செய்யும்போதே ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பை அவள் முடிக்க வேண்டும் என்று அவர் அன்றைக்கே முடிவு செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் அவரை ஓர் அறையில் உட்கார வைத்து, நிறைய வாக்கியங்களைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அதிலிருந்து அவருடைய குரலைச் செய்து ஒரு பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் அளவுக்குப் பெட்டி. முன்னால் தொடுதிரை, அடியில் ஸ்பீக்கர். திரையில் எழுத்துகளைத் தொட்டுச் சொற்களைச் சேர்த்தால் அத்தானின் குரலிலேயே பேசும். அடிக்கடி சொல்வதைப் பொத்தானாகச் சேமித்தும் வைக்கலாம். ஒரே வித்தியாசம், அந்தக் குரலுக்குக் கத்தத் தெரியாது. முதன்முதலாக அது, “கொஞ்சம் தண்ணி குடு” என்றபோது அக்கா கரண்டியோடு வந்து நின்றாள்.

“இருபத்தஞ்சு வருஷத்துல இவரு இவ்வளவு மரியாதையா என்கிட்ட பேசுனதே இல்ல” என்றாள்.

போனிலும் பேசும் வசதி இருக்கிறது. நானே ஏற்றிக் காட்டினேன். செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல் வந்தது. அத்தான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

பெட்டியின் குறை இதுதான். சுவிட்சைப் போட்டால் எழுவதற்கு நேரமாகும். சில நாள் டீ போட்டு முடிக்கிற நேரம். சில நாள் உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரம். பேட்டரியும் வீங்கிப் போயிருந்ததால் எப்போதும் போட்டே வைத்திருக்க முடியாது. புது பேட்டரிக்குச் சொல்லியிருந்தோம். அந்த வகை பேட்டரியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்று கேட்டால், “மௌசம் பார்த்து” என்பார்கள், அதாவது வானிலையைப் பார்த்து. ஆகவே அத்தானுக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால், முதலில் சுவிட்சைப் போட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். பெட்டி எழும்போது அக்கா பேச்சை மாற்றியிருப்பாள், அல்லது வந்தவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியிருப்பார். சண்டை போடக்கூட அவரால் முடியவில்லை. கோபம் ஆறிய பிறகு பெட்டி எழுந்து, “நீ சொல்றது தப்பு” என்று நிதானமாகச் சொல்லும். அக்கா, “எது?” என்பாள்.

பெண்ணுக்கு வரன் அமைந்ததும் அக்கா பெட்டியை ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

“உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. பாரு” என்றாள்.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. போர்ட் பிளேயரில் சின்னக் கடை வைத்து டிஷ் பெட்டி, கடைகளில் மாட்டும் கேமராப் பெட்டி, பில் போடும் மெஷின் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறேன். ஹிந்தி வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் பாதி. ஆட்களோடு பேச எனக்கு வராது. வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் கையிலிருக்கும் ஸ்குரூவைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். பெட்டிகளோடு இருப்பது சௌகரியம்.

இந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் ஒரு சின்ன போர்டு இருக்கும். அதில் ஓடுவது லினக்ஸ். சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுவதைக் கெர்னல் என்பார்கள். வீட்டில் முதல் ஆளாக எழுந்து அடுப்பைப் பற்றவைத்து மற்றவர்களை எழுப்பும் ஆள் மாதிரி. அது எழுந்து, மெமரியை, திரையை, ஸ்பீக்கரை ஒவ்வொன்றாக எழுப்பிய பிறகுதான் பேசும் புரோகிராமின் முறை வரும். போர்டில் மூன்று முனைகள் இருக்கும். அதில் மூன்று வயரைச் செருகி லேப்டாப்பில் இணைத்தால், கெர்னல் எழும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வரிகளைப் பார்க்கலாம். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் நேரம் இருக்கும். எந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் நேரம் குதிக்கிறதோ, அங்கேதான் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கடையில் வயரைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். வரிகள் மடமடவென்று ஓடின. எங்கேயும் நிற்கவில்லை. படம் உடனே வந்துவிட்டது. மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடியும் உடனே வந்தது. சாயங்காலம் வரை போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தூங்கவில்லை. மெமரி கார்டின் காலில் பச்சை பிடித்திருந்தது. உப்புக்காற்று இங்கே எதையும் விடாது. அதுதான் காரணம் என்று துடைத்து மாட்டி, திருப்தியோடு பெரார்கஞ்ச் பஸ்ஸில் ஏறினேன்.

மறுநாள் அக்கா போன் செய்தாள்.

“டேய், இன்னும் எந்திரிக்கல.”

“எப்ப போட்டீங்க?”

“அரிசி களையறப்ப போட்டது. சோறு வெந்துடுச்சு.”

திரும்ப வாங்கி வந்தேன். கடையில் மறுபடியும் நல்ல பிள்ளை. கார்டையே மாற்றினேன். திரைக்குப் போகும் நாடாவைக் கழற்றித் துடைத்தேன். சார்ஜரை மாற்றினேன். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, இதுதான் காரணம் என்று நம்பிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மறுநாள் அக்காவிடமிருந்து போன் வரும். கடைசியில் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், அத்தான் முன்னாலேயே வயரைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். அங்கேயும் உடனே வந்துவிட்டது.

“நீ வந்தா மட்டும் ஒழுங்கா இருக்கு” என்றாள் அக்கா. “மாமியார் வீட்டுக்கு வந்த மருமக மாதிரி.”

அத்தான் பொத்தான்களைத் தொட்டார். “நீ இங்கேயே தங்கிடு மாப்ள” என்றது பெட்டி.

நான் சிரித்தேன். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. வியாதிக்காரன் டாக்டர் முன்னால் மட்டும் நன்றாக இருந்தால் டாக்டர் என்ன செய்வார்? கெட்டுப்போன பொருளை எனக்குச் சரிசெய்யத் தெரியும். என் முன்னால் கெட மாட்டேன் என்கிற பொருளை என்ன செய்வது என்று தெரியவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை, போர்ட் பிளேயர் டெலானிபூரில் குவார்ட்டர்ஸ். மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வந்தபோதே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “எங்க வீட்டுக்கு வந்தப்புறம் இந்தப் பொண்ணு எதுக்குக் கஷ்டப்படணும்? படிச்சவரைக்கும் போதும்.” அன்றைக்கு அத்தானின் கை சுவிட்சுக்குப் போனது. பெட்டி எழுவதற்குள் அவர்கள் வேனில் ஏறிவிட்டார்கள்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டில் வயரைச் செருகிச் சுவிட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா இலையைப் போட்டுவிட்டாள். சூரை மீன் குழம்பு. எழுந்து போகாவிட்டால் திட்டுவாள். லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். வரிகள் ஓடின. ஓரிடத்தில் நின்றன.

நான் குழம்புச் சோற்றைச் சாப்பிட்டேன். வரி நகரவில்லை. ரசம் ஊற்றினாள். நகரவில்லை. அந்த வியாதியை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். வாயில் சோற்றோடு அசையாமல் இருந்தேன், அசைந்தால் ஓடிவிடும் என்பது போல. மோர்ச்சாதம் முடித்து, எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து, பழக்கத்தில் லேப்டாப்பில் என்டர் கீயைத் தட்டினேன். இரண்டு மூன்று தட்டு. புது வரி ஒன்று விழுந்தது. படம் வந்துவிட்டது.

கறுப்புத் திரையைப் பார்த்தால் உயிர் இருக்கிறதா என்று என்டரைத் தட்டிக்கொண்டே இருப்பது என் வழக்கம். கடையில் இத்தனை நாளும் தட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். சாப்பிடும்போது மட்டும் கை எச்சில்.

நடுவில் விழுந்த அந்த வரியை போட்டோ எடுத்து, பெட்டி செய்தபோது அந்தத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்த எஞ்சினியர் பையனுக்கு அனுப்பினேன். அவன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். நல்ல பையன். அவனே கூப்பிட்டான்.

“அண்ணா, இது ரேண்டம் நம்பருக்காகக் காத்திருக்கிறதுண்ணா.”

“அப்படின்னா?”

“கெர்னல் ரகசிய எண்கள் செய்யணும். அதுக்கு யாராலயும் ஊகிக்க முடியாத ஏதாவது வேணும். யாரு எந்த நொடியில கீயைத் தட்டுறாங்க, எப்ப திரையைத் தொடுறாங்க, நெட் கேபிள்ல எப்ப என்ன வருது, இந்த மாதிரி ஒழுங்கில்லாத நேரங்களைத்தான் அது பொறுக்கி வெச்சுக்கும். போதுமான அளவு சேர்ற வரைக்கும் பேசுற புரோகிராம் நிக்கும். ஒண்ணுமே நடக்கலைன்னா ரொம்ப நேரம் நிக்கும்.”

“உங்க ஆபீஸ்ல நிக்கலையா?”

“எங்க மேசையில கீபோர்டு, மவுஸ், நெட்டு எல்லாம் மாட்டியிருக்கும்ணா. நாங்களும் சும்மா இருக்க மாட்டோம், தட்டிக்கிட்டே இருப்போம். அதனால எங்களுக்குத் தெரியவே இல்ல.”

அத்தான் வீட்டில் கேபிள் கிடையாது. நெட் எப்போதாவது வரும். அத்தான் எதையும் தட்ட மாட்டார். ஏனென்றால் பெட்டியின் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: “திரையில் படம் வரும் வரை தொட வேண்டாம்.” ஹிந்தியிலும் தமிழிலும் இருந்தது. அத்தான் ஃபெர்ரியில் காலமெல்லாம் பலகைகளைக் காட்டி மற்றவர்களைத் திட்டியவர். எழுதி ஒட்டியிருந்தால் அவருக்கு அது சட்டம். சுவிட்சைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஆபீஸில் கூப்பிடுவதற்காக உட்கார்ந்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுக் குழந்தை கையை நீட்டினால் தட்டிவிடுவார். பெட்டி அவர் தொடுவதற்காகக் காத்திருந்தது. அவர் பெட்டி எழுவதற்காகக் காத்திருந்தார்.

ஸ்டிக்கரைப் பற்றி எஞ்சினியர் பையனிடம் சொன்னேன்.

“அது நாங்க ஒட்டினதுதாண்ணா” என்றான்.

“சரி, இதை மாத்திடலாம்ல?”

“புது கெர்னல்ல இந்தப் பிரச்சினையே இல்லண்ணா. ஆனா உங்க பெட்டி, நாங்க கையெழுத்து போட்ட கெர்னலைத்தான் ஏத்துக்கும். கம்ப்யூட்டர் கையெழுத்து. அதைப் போடுற சாவி இப்ப யாருகிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியல. அந்தத் திட்டம் முடிஞ்சுபோச்சு. கேட்டுப் பாக்குறேன்.”

கேட்டுப் பார்த்தான். யாரும் பதில் சொல்லவில்லை என்று செய்தி அனுப்பினான். மன்னிப்பும் கேட்டிருந்தான். அவன் என்ன செய்வான்? காரணம் தெரியாதவரை எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, தெரிந்தால் சரிசெய்துவிடலாம் என்று. இப்போது காரணம் கையில் இருந்தது. எந்த வரியில் நிற்கிறது, எதற்காக நிற்கிறது, எதை மாற்றினால் நிற்காது, எல்லாம் தெரியும். மாற்றத்தான் முடியாது. பூட்டிய வீட்டுக்குள் அடுப்பு எரிவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருந்தது.

மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். அத்தானிடம் போய்ச் சொன்னேன்.

“சுவிட்ச் போட்டதும் திரையைத் தடவிக்கிட்டே இருங்க அத்தான். கறுப்பா இருக்கிறப்பவே.”

அவர் ஸ்டிக்கரைக் காட்டினார்.

“அது தப்பு. தடவினாத்தான் எந்திரிக்கும்.”

முதலில் அவர் சிரித்தார். அவர் சிரித்தால் தோள் குலுங்கும், கழுத்துத் துண்டு மேலெழும்பும், சத்தம் இருக்காது. பிறகு சிரிப்பு நின்றது. நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டத் தொடங்கினார். பாதிதான் வந்தது. அதையும் விடாமல் சுரண்டிக்கொண்டே இருந்தார். ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து அவர் சொல்லாமல் விட்டவை எத்தனை இருக்கும் என்று நினைத்தேன்.

தடவினால் சீக்கிரம் வந்தது. உடனே இல்லை, ஆனால் டீ ஆறுவதற்குள் வந்துவிடும். அத்தான் விரலால் தேய்த்துக்கொண்டே, “உட், உட்” என்று ஹிந்தியில் உதட்டை அசைப்பார். எழுந்திரு என்று.

“எனக்குத் தலைவலி வந்தப்ப ஒரு நாள் இப்படித் தைலம் தேச்சதுண்டா?” என்றாள் அக்கா.

அந்த வாரமே அவர் தன் வாக்கியத்தைப் பொத்தானாகச் சேமித்துக்கொண்டார். “கல்யாணத்துக்கு அப்புறமும் என் மகள் படிப்பை முடிக்கணும். அதுக்குச் சம்மதம்னா எங்களுக்கும் சம்மதம்.” அதை அமுக்கி ஒரு தடவை கேட்டார். அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

“அரசாங்க வேலை மாப்பிள்ளை. அவங்களா தேடி வந்திருக்காங்க. நீங்க வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க” என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் ஒரு யோசனை சொன்னேன். பெட்டி பேசுவதைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு அன்றைக்குப் போட்டுவிடலாமே? அத்தான் எழுத்துகளைத் தொட்டார். “அவங்க திருப்பி ஏதாவது கேட்டா போன் என்ன சொல்லும்?”

“அப்ப நான் வேணா சொல்லட்டுமா அத்தான்?”

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி தொட்டார். “நீ சொன்னா உனக்கே கேக்காது மாப்ள.”

உண்மைதான்.

நிச்சயதார்த்தம் அக்கா வீட்டில். பேட்டரி வரும் கப்பல் வரவில்லை. காலையிலேயே பெட்டியை எழுப்பி, சார்ஜரைச் செருகி, அத்தான் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். மழை. மாப்பிள்ளை வீட்டு வேன் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கரண்டு போயிற்று. பெரார்கஞ்சில் மழையோடு கரண்டு போனால் மழையோடுதான் திரும்பும். அணைத்து வைத்துவிட்டு அவர்கள் வந்ததும் எழுப்பலாமா, அல்லது இருக்கிற பேட்டரியில் அப்படியே விடலாமா? அத்தானைப் பார்த்தேன். அணைக்காதே என்று கையைக் காட்டினார். எழுந்துவிட்ட பெட்டியை அணைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எனக்கும்தான்.

அவர்கள் வந்தார்கள். தண்ணீர், காபி, நனைந்த குடைகள், மலைத்தோட்டத்தில் யாருக்கு யார் சொந்தம் என்ற பேச்சு. இரண்டு குடும்பமும் ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்தப் பேச்சு லேசில் முடியாது. மாப்பிள்ளையின் பெரியப்பாதான் முன்னின்று நடத்தினார். பேச்சு முடிந்து அவர் தட்டைக் கையில் எடுத்தபோது, ஸ்டூலில் இருந்த பெட்டி அணைந்தது.

அத்தான் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“சம்பந்தி, எந்திரிங்க. தட்டை மாத்திடலாம். மழை வலுக்குது” என்றார் பெரியப்பா.

அத்தான் எழுந்தார். அவர் கையில் எங்கள் தட்டைக் கொடுத்தார்கள். பூ, பழம், வெற்றிலை, புடவை. மாற்றுவதற்காகப் பெரியப்பா தன் தட்டைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு எங்கள் தட்டை வாங்கக் கையை நீட்டினார். விளிம்பைப் பிடித்தார். அத்தான் விடவில்லை.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்குத் தடவக் கை இல்லை.

அணைந்த பேட்டரி சற்று ஆறினால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும். நான் சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையைத் தடவத் தொடங்கினேன். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியிராத ஆள், தரையில் மண்டியிட்டு, செத்துப்போன ஒரு பெட்டியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கை வியர்த்து வழுக்கியது. தொடுவது அதற்குத் தெரிகிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. லேப்டாப் இல்லை, வரிகள் இல்லை. எங்கே நிற்கிறது என்று பார்க்க வழியில்லை.

“என்ன தம்பி பண்றீங்க?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“எழுப்பிக்கிட்டு இருக்கேன்” என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். “பால் குடிக்கிற புள்ளையா?” என்று ஒரு குரல். பெரியப்பா தட்டை லேசாக இழுத்தார். அத்தான் தன் பக்கம் இழுத்தார். ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்து நாற்காலிக்கு அடியில் போனது. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் என்னைப் போன்றவன்தான் போலிருக்கிறது. அக்கா என்ன செய்வாள் என்று பார்த்தேன். அவள் அத்தானின் கையிலிருந்து தட்டை வாங்கிக் கொடுத்துவிடுவாள் என்று பயந்தேன். அவள் அசையவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

படம் வந்தது. நான் பொத்தானை அமுக்கினேன்.

“கல்யாணத்துக்கு அப்புறமும் என் மகள் படிப்பை முடிக்கணும். அதுக்குச் சம்மதம்னா எங்களுக்கும் சம்மதம்.”

கத்தத் தெரியாத அந்தக் குரல், மழைச் சத்தத்துக்கு மேலே கேட்பதற்குக் கொஞ்சம் குறைவாகவே கேட்டது. ஆனால் கேட்டது.

“அதுக்கென்னண்ணே, அதெல்லாம் அப்புறம் நமக்குள்ள பேசிக்கலாம்” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அத்தான் தட்டை விடவில்லை. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். மறுபடி அமுக்கினேன். அதே வாக்கியம், அதே நிதானம். “டேப் ரிக்கார்டர்” என்று ஒரு பையன் சொல்ல, ஒரு பெண் அவனை அதட்டினாள். மூன்றாவது தடவை அமுக்கினேன். “கல்யாணத்துக்கு அப்புறமும்” என்பதோடு திரை இருண்டது. பெட்டி அடங்கியது. சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். விளக்குகூட எரியவில்லை.

அத்தானின் உதடுகள் அசைந்தன. மிச்ச வாக்கியத்தை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்துத் துண்டுக்குள் காற்று மட்டும் உஸ்ஸென்று வந்தது. ஒரு காலத்தில் லாரியை நிறுத்திய வாய். எல்லோரும் அந்தக் கழுத்தைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பினார்கள். நான் மண்டியிட்டபடியே இருந்தேன். எனக்குக் குரல் இருந்தது. எழுந்து, அவர் என்ன சொல்கிறார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது ஏற்கனவே இரண்டு தடவை சொல்லப்பட்டுவிட்டது. எல்லோருக்கும் தெரியும். இனி வேண்டியது பதில்தான். அது என்னிடம் இல்லை.

பெரியப்பாதான் பேசினார்.

“சரி, சரி, படிக்கட்டும். தட்டை விடுங்க சம்பந்தி, கை வலிக்குது.”

அத்தான் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார். அவர் குனிந்து கீழே எலுமிச்சம்பழத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அத்தான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். தட்டு போனது. அவர்கள் தட்டு வந்தது. குங்குமம் கொடுத்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனேன். மகள் அங்கே புதுப்புடவையில், பாயசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கூடத்தில் நடந்தது மழையில் அவளுக்குப் பாதிதான் கேட்டிருக்கிறது.

“அப்பா சொன்னது கேட்டுச்சு மாமா. அவங்க என்ன சொன்னாங்க?”

“படிக்கட்டும்னாங்க.”

“படிக்கட்டும்னாங்களா? இல்ல, படிக்கட்டும் தட்டை விடுங்கன்னாங்களா?”

அவளிடம் பொய் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

“ரெண்டாவது” என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். பிறகு டம்ளர்களை வரிசையாக வைத்துப் பாயசம் ஊற்றத் தொடங்கினாள்.